ஒரு மாணவன் போதும்

இலக்கியம் பேசவேண்டிய நேரத்தில் ஒரு வீட்டு வழக்கோடு தொடங்குகிறேன். பொறுத்தருள்க.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்து சில வாரங்களான ஒரு மாலைப்பொழுது. என்னிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். பின்னால் அவனுடைய தகப்பனார். வழக்கமாகத் தகப்பன்மார் என்னிடம் வருவது பிள்ளைக்குத் தமிழில் ஒரு பாடம் குறைந்துவிட்டது என்று முறையிடத்தான். இவர் வந்த காரணம் வேறு.

“சேர், இவன் களனிக்குப் போய் யப்பான் பாசை படிக்கப்போறானாம். நீங்கள் சொன்னால் கேப்பான். ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ.”

“யப்பான் படிக்கிறது இப்ப நல்லதுதானே அண்ணை. வேலைவாய்ப்பு இருக்கெண்டு சொல்லுகினம்” என்றேன்.

“அதுக்கு ஏன் சேர் நாலு வருசம்? ரவுணிலை ஆறு மாச ரியூசன் இருக்கு. படிச்சு ஒரு சோதினை பாஸ் பண்ணினால் விசாவுக்குக் காணும். இவன் அதைப் படிக்கமாட்டானாம். அந்தப் பாசையின்ர பாட்டு, கதை, பழைய புத்தகம் எல்லாம் படிக்கோணுமாம். அதைப் படிச்சு ஆருக்குச் சொல்லப்போறான்? ஒரு வகுப்பிலை அஞ்சு பேரும் இருக்கமாட்டினம்.”

பையன் ஒன்றும் பேசவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று நான் சரியான மறுமொழி சொல்லவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டு அனுப்பிவிட்டேன். தமிழ் வாத்தியார் ஒருவனுக்கு யப்பானையும் சீனத்தையும் பற்றி என்ன தெரியும்? ஆனால் அந்தத் தகப்பனாரின் கேள்வி மட்டும் என்னைச் சுட்டது. அது யப்பான் மொழிக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. எங்கள் கல்லூரியின் உயர்தர வகுப்பில் இவ்வாண்டு தமிழ் எடுத்திருப்பவர்கள் நான்கு பேர். நேரசூசி போடுகிறவர்கள் அந்த நால்வரையும் எங்கே வைப்பது என்று தலையைச் சொறிகிறார்கள். ஆகவே, தூர கிழக்கின் மொழிகளைப் பல்கலைக்கழகங்களில் மனிதர் எப்படிப் படிக்கத் தொடங்கினர், எத்தனை பேர் படித்தனர், படித்து என்ன ஆயிற்று என்று தேடி வாசித்தேன். அவ்வாசிப்பிற் கிடைத்தவற்றையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

ஐரோப்பாவிலே சீன மொழிக்கென முதன்முதலாகப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது 1814ஆம் ஆண்டு பாரிசில். அப்பதவிக்கு வந்த ஆபெல் ரெமுசா ஒரு வைத்தியர். சீன மூலிகை நூலொன்றைக் கண்டு, அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று அறியும் ஆசையினாற் தாமாகவே அம்மொழியைக் கற்றவர். அவர் சீனத்துக்குப் போனதேயில்லை. நெதர்லாந்தின் லெய்டனில் 1855இல் ஹொப்மான் என்பவர் யப்பான் மொழிக்குப் பேராசிரியரானார். ஒக்ஸ்போர்ட்டில் 1876இல் சீன மொழிக்கு முதற் பேராசிரியராக அமர்ந்தவர் ஜேம்ஸ் லெக் என்னும் ஸ்கொட்லாந்து நாட்டு மதபோதகர். மலாக்காவிலும் ஹொங்கொங்கிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, கொன்பியூசியஸ் மரபின் மூலநூல்களைச் சீன அறிஞர் வாங் தாவோவின் துணையுடன் ஆங்கிலத்தில் தந்தவர். இத்தனை பெரிய அறிஞரின் விரிவுரைகளுக்கு வந்த மாணவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கேம்பிரிட்ஜில் 1888இல் வேட், அவருக்குப் பின் 1897இல் ஜைல்ஸ். அங்கும் அதே கதைதான்.

ஆனால் அந்த ஆளில்லாத வகுப்பறையிலிருந்துதான் எங்கள் இலங்கையின் பழைய காட்சியொன்றும் வெளிவந்தது. பாகியன் என்று நாம் சரித்திர பாடத்திற் படிக்கும் சீனத் துறவியின் யாத்திரைக் குறிப்பை லெக் 1886இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து மொழிபெயர்த்து வெளியிட்டார். பாகியன் கி.பி. 399இல் ஊரை விட்டுப் புறப்பட்டவர். கூடவந்தவர்களிற் சிலர் இடைவழியில் இறந்தனர், சிலர் இந்தியாவிலேயே தங்கிவிட்டனர். அநுராதபுரம் வந்து சேர்ந்தபோது அவர் தனியர். அபயகிரி விகாரையிற் பச்சை மணிக்கல்லாலான புத்தர் சிலையின் முன் நிற்கிறார். அப்போது வணிகன் ஒருவன் வெண்பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கையாக வைக்கிறான். அது சீனத்து விசிறி. அதைக் கண்டதும் துறவியின் கண்களில் நீர் நிறைந்துவிடுகிறது. சாத்திர நூல்களைத் தேடி வந்த ஒருவர் தம்மையறியாமல் எழுதிவிட்ட இடம் இது. ஊரை விட்டுப் போய் வெளிநாட்டுக் கடைத்தெருவில் ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கண்டு நின்ற எங்கள் ஆட்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். இப்படி ஓர் இடத்தை வாசிப்பதற்காகவேனும் ஒருவன் ஒரு மொழியைப் படிக்கலாம் என்பது என் எண்ணம். தகப்பனார் ஒப்புக்கொள்ளமாட்டார் என்பதும் தெரியும்.

காலியில் 1911இற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டையும் இங்கே நினைக்கவேண்டும். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய அக்கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை, பாரசீகப் பகுதி அல்லாஹ்வை. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே! அக்கல்லை வெட்டுவித்தவர்களிடையே அன்று மூன்று மொழிக்கும் ஆள் இருந்திருக்கிறது. எங்கள் மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் சென்றபோது தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளை அவர்கள் ஆவலோடு தேடினார்கள். மற்ற இரண்டையும் பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்கள். நானும்தான்.

இனி நியூயோர்க் நகருக்கு வருவோம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1938இற் பதினாறு வயதுப் பையனாகச் சேர்ந்தவர் டொனல்ட் கீன். புலமைப்பரிசில் கிடைத்திராவிட்டால் படித்திருக்கமுடியாத குடும்பச் சூழல். வகுப்பிலே தற்செயலாகப் பக்கத்தில் வந்தமர்ந்த சீன மாணவர் ஒருவர் நண்பரானார். மதிய உணவு வேளைகளில் அந்த நண்பர்தான் முதன்முதலாகச் சீன எழுத்துகளைக் காட்டிக் கொடுத்தவர். மொழிக் கல்வி இப்படித்தான் தொடங்குகிறது. பாடத்திட்டத்திலிருந்து தொடங்குவது குறைவு.

1940இல் ஐரோப்பா ஹிட்லரின் காலடியிற் கிடந்தது. போரை அடியோடு வெறுத்த கீன் பத்திரிகை வாசிக்கவே அஞ்சிக்கொண்டிருந்தார். அந்நாளில் ரைம்ஸ் சதுக்கத்துப் புத்தகக் கடையொன்றில், விற்காமற் தேங்கிய நூல்களின் நடுவே ‘கெஞ்சி கதை’ என்னும் யப்பானிய நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடந்தது. விலை 49 சதம். பருமனான புத்தகம், விலையோ மலிவு என்பதே அவர் அதை வாங்கியதற்குக் காரணம். வாசிக்கத் தொடங்கியபின் கீழே வைக்க முடியவில்லை. அந்நாவலின் உலகத்திலே போர் இல்லை. அதன் நாயகன் யாரையும் வென்றதற்காகப் புகழப்படவில்லை. துயரத்தை உணரத் தெரிந்தவன் என்பதே அவன் பெருமை.

அந்நூலின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்கவேண்டும். எழுதியவர் முரசாகி என்னும் பெண்மணி. கி.பி. 1008இல் அந்நூல் அரண்மனையில் வாசிக்கப்பட்டதை அவருடைய நாட்குறிப்பே காட்டுகிறது. தஞ்சையிலே இராசராசன் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாளிலே யப்பானிய ஆண்களின் கல்வி மொழி சீனம். சகோதரனுக்குத் தந்தை சீனம் கற்பிக்கும்போது பக்கத்திலிருந்து கேட்டே முரசாகி அவனை முந்திவிட்டார். இவள் ஆணாகப் பிறக்கவில்லையே என்று தந்தை வருந்தினாராம்! சீனத்தில் எழுதுவது பெண்ணுக்கு அழகல்ல என்றிருந்தமையால், பெண்கள் தம் தாய்மொழியில், எளிய கானா எழுத்தில் எழுதினர். சீனத்தில் எழுதிக் குவித்த பிரபுக்களை இன்று அறிஞர் மட்டும் அறிவர். தாய்மொழியில் எழுதிய பெண்ணை உலகம் அறியும்.

ஆங்கிலத்தில் ஆறு தொகுதிகளாக 1925 முதல் 1933 வரை அதைத் தந்தவர் ஆதர் வேலி. பிரித்தானிய நூதனசாலையில் ஓவியங்களைப் பட்டியலிடும் வேலையிற் 1913இல் அமர்ந்து, சித்திரங்களில் எழுதியிருந்ததை வாசிப்பதற்காகச் சீனமும் யப்பானும் தாமாகவே கற்றவர். இவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட அந்நாடுகளுக்குப் போகவில்லை.

நேயர்களே, யப்பான் மொழி படிக்கப் போகிறவன் பாதிச் சீனமும் படித்தேயாக வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடவேண்டும். யப்பானியர் சொந்தமாக எழுத்தின்றி இருந்து, சீன எழுத்தைக் கொரியா வழியாகப் பெற்றவர்கள். சீனமோ வினை நடுவில் வரும் மொழி, யப்பான் தமிழைப் போல வினை கடைசியில் வரும் மொழி. உறவே இல்லாத மொழியின் எழுத்தைத் தம் மொழிக்குப் பொருத்த அவர்கள் பட்ட பாடு பெரும் பாடு. மூன்று சிகரங்கள் போன்ற வடிவுடைய ஓர் எழுத்து மலையைக் குறிக்கும். சீனர் அதை ‘ஷான்’ என்பர். யப்பானியர் அதையே ஓரிடத்திற் தம் சொல்லால் ‘யமா’ என்றும், வேறிடத்திற் சீன ஒலியைத் தழுவிச் ‘சன்’ என்றும் வாசிப்பர். பூஜி மலையைப் ‘பூஜி-சன்’ என்பது இதனாலேதான். வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை நீக்கச் சொன்னார் எங்கள் தொல்காப்பியர். யப்பானியர் எழுத்தை அப்படியே எடுத்து அதற்குள்ளே தம் சொல்லை ஒளித்துவைத்தார்கள். எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஆறு மாத ரியூசனில் இது அடங்காது என்று மட்டும் சொல்லலாம்.

கீன் 1941ஆம் ஆண்டுக் கோடையில் யப்பான் மொழியின் அரிச்சுவடியைத் தொடங்கினார். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், கொலம்பியாவில் யப்பானியச் சிந்தனை வரலாறு என்னும் பாடத்துக்குப் பெயர் பதிந்தார். ஆசிரியர் சுனோடா ருசாகு. 1877இல் யப்பானில் ஒரு கிராமத்திற் பிறந்தவர். அப்பல்கலைக்கழகத்தில் யப்பானிய நூற்சேர்க்கையை உருவாக்கியவர். பெரிய நூலெதையும் தனியே எழுதிவைக்காதவர். மாணவர்கள் அவரைச் ‘சென்செய்’, அதாவது ஆசான் என்றே அழைத்தனர்.

யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த வேளை. அந்தப் பாடத்தை எடுக்க வேறு யார் வருவார்? முதல் நாள் வகுப்பிற்குப் போன கீன் தாம் ஒருவரே மாணவர் என்று கண்டார். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. தனக்கு யப்பானைப் பற்றி ஒன்றும் தெரியாது, தன் ஒருவனுக்காக ஆசிரியர் வீணே சிரமப்படவேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்றார். ஒருவர் இருந்தாற் போதும் என்று மறுமொழி சொன்னார் சுனோடா.

சும்மா சொன்னதல்ல. ஒவ்வொரு வகுப்புக்கும் கரும்பலகை நிறைய எழுதிவைத்துவிட்டு, மாணவன் ஏதும் கேட்டாற் காட்டுவதற்கென ஒரு கட்டுப் புத்தகத்தையும் சுமந்துகொண்டு வந்தார். பின்னர் வேறிரு மாணவர் வந்து சேர்ந்தனர் என்பது உண்மைதான். ஆனால் அவர் ஆயத்தம் செய்தது அந்த ஒருவனுக்காக.

இதை வாசித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். என் நான்கு மாணவரில் இருவர் வராத நாட்களில், “இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் பாப்பம்” என்று சொல்லி வகுப்பைக் கலைத்தது எத்தனை தடவை! பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் என்று பதிவேட்டில் இருக்கிறது. கலாசாலைப் பயிற்சியில் இந்தப் பாடம் இருக்கவில்லை.

1941 டிசம்பர் 7ஆம் திகதி யப்பானிய விமானங்கள் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. அடுத்த நாள் சுனோடா வகுப்பிற்கு வரவில்லை. எதிரி நாட்டுப் பிரசை என்று தடுத்துவைக்கப்பட்டிருந்தார். சில மாதங்களின் பின் விடுதலையாகி வந்து, அந்தப் போர்க்காலத்திலேயே, அதே வகுப்பறையில், மீண்டும் கற்பித்தார்.

அதன்பின் நடந்தது விசித்திரமானது. நேற்றுவரை எவரும் திரும்பிப் பாராத மொழி ஒரே நாளில் ஆயுதமாயிற்று. அமெரிக்கக் கடற்படை யப்பான் மொழிப் பாடசாலையை நடத்தியது. முதலிற் கலிபோர்னியாவிலும் பின் கொலராடோ மாநிலத்துப் போல்டரிலும் இருந்தது. பதினொரு மாதப் படிப்பு, வாரத்தில் ஆறு நாள். ஆசிரியர்களிற் பெரும்பாலோர் அமெரிக்க யப்பானியர். இதே காலத்திற்தான் ஏறக்குறைய 120,000 அமெரிக்க யப்பானியர் வீடுவாசலிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். ஓர் இனத்தை முட்கம்பிக்குள் வைத்துக்கொண்டு அந்த இனத்தவரிடமே பாடம் கேட்டது அரசாங்கம். இதைப் பற்றி நான் மேலே சொல்லத் தேவையில்லை.

பிரித்தானியாவிலோ ஆட்பஞ்சம் இன்னும் மோசம். பெட்போர்ட் என்ற ஊரில், எரிவாயுக் கம்பனியின் காட்சியறைக்கு மேலிருந்த மாடியில், 1942 பெப்ரவரியில் வகுப்புத் தொடங்கியது. ஆசிரியர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரியான ஒஸ்வால்ட் ரக். தகப்பனார் சொன்ன அதே ஆறு மாதக் கணக்குத்தான்! சேர்க்கப்பட்டவர்களிற் பெரும்பாலோர் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் லத்தீனும் கிரேக்கமும் படித்துக்கொண்டிருந்த இளைஞர். பேச்சு மொழி அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. தந்திச் செய்திகளில் வரும் எழுத்து மொழி மட்டுமே. செத்த மொழி படித்தவன் எதற்கு உதவுவான் என்று கேட்டவர்கள், அவன்தான் ஆறு மாதத்தில் இன்னொரு மொழியின் இலக்கணத்தைப் பிடித்துக்கொள்வான் என்று அப்போது கண்டுகொண்டார்கள்.

அவர்களிற் சிலர் எங்கள் கொழும்புக்கும் வந்தனர். யப்பானியச் சங்கேதங்களை ஒட்டுக்கேட்டு உடைக்கும் பிரித்தானிய நிலையம், சிங்கப்பூர் வீழுமுன்னரே 1942 ஜனவரியிற் கொழும்புக்கு மாறி, பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலைக் கட்டடத்தில் அமர்ந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலையில் விழுந்தது. நிலையம் ஆபிரிக்கக் கரைக்கு ஓடி, 1943இல் மீண்டும் கொழும்புக்கு வந்து அண்டர்சன் கொல்ப் மைதானத்திற் கூடாரமிட்டது. கடற்படை வழக்கப்படி அதற்கு எச்.எம்.எஸ். அண்டர்சன் என்று கப்பற் பெயர். தண்ணீரே காணாத கப்பல்! லத்தீன் படித்த பிள்ளைகள் அங்கே தென்னைமரக் காற்றில் வியர்க்க வியர்க்க யப்பானிய எழுத்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டைப் பற்றிச் சொல்வார்கள். இந்த வகுப்பைப் பற்றி ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கீன் ஹவாய்க்கு அனுப்பப்பட்டார். கைப்பற்றப்பட்ட யப்பானிய ஆவணங்களை மொழிபெயர்ப்பது வேலை. பெரும்பாலும் பயனற்ற இராணுவப் படிவங்கள். ஒரு நாள் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த பெட்டியொன்று கண்ணிற் பட்டது. அதற்கு அருகே எவரும் போவதில்லை, ஏனெனில் அது நாறியது. உள்ளே இருந்தவை இறந்த யப்பானியச் சிப்பாய்களின் நாட்குறிப்புகள். நாற்றம் காய்ந்த இரத்தத்தினுடையது.

அமெரிக்கச் சிப்பாய்கள் நாட்குறிப்பு எழுதக்கூடாது. எதிரி கையிற் சிக்கினால் இரகசியம் போய்விடும். யப்பானியச் சிப்பாய்களுக்கோ புத்தாண்டுக்கு நாட்குறிப்புக் கொடுக்கப்பட்டது. தொடக்கப் பக்கங்களில் மேலதிகாரி பார்ப்பான் என்ற அச்சத்தோடு தேசபக்தி வாசகங்கள். கப்பலிற் பக்கத்துக் கப்பல் வெடித்து மூழ்குவதைக் கண்டதும் நடை மாறுகிறது. தீவிலே தண்ணீர் இல்லை, மலேரியாக் காய்ச்சல், கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அப்போது அவன் தனக்காகவே எழுதுகிறான். பள்ளிக்கூடத்தில் ஆறு மாதமோ பதினொரு மாதமோ படித்த மொழி அங்கேதான் கீனுக்கு உண்மையில் மொழியாயிற்று. நான் அறிந்த முதல் யப்பானியர்கள் இவர்கள், ஆனால் நான் வாசிக்கும்போது இவர்கள் இறந்துவிட்டிருந்தார்கள் என்ற கருத்தை அவர் பிற்காலத்திற் பலமுறை வெளியிட்டுள்ளார்.

சில நாட்குறிப்புகளின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. கண்டெடுக்கும் அமெரிக்கன் போர் முடிந்தபின் இதைத் தன் குடும்பத்தாரிடம் சேர்க்கவேண்டும் என்று. கீன் அவற்றைச் சட்டத்துக்கு மாறாகத் தம் மேசைக்குள் ஒளித்துவைத்தார், ஒருநாள் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. மேசை சோதிக்கப்பட்டது. நாட்குறிப்புகள் எடுத்துச் செல்லப்பட்டுவிட்டன.

1995இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது. ஐயாவின் கொப்பிகள் பத்துப் பதினைந்து அலுமாரிக்குள் இருந்தன. கணக்கு வழக்கும் உண்டு, மனத்தில் பட்டதும் எழுதியிருப்பார். திரும்பி வந்தபோது அலுமாரி இருந்தது, கொப்பிகள் இல்லை. அடுப்பு மூட்டப் போனதோ, மழையில் ஊறியதோ, யாரேனும் எடுத்துப் போனார்களோ தெரியாது. எடுத்தவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருந்தால் என்று சில வேளை நினைப்பேன். அந்த நினைப்பை வளர்த்துப் பயனில்லை.

போர் முடிந்தது. மொழி படித்த ஆயிரக்கணக்கானோரிற் பெரும்பாலோர் படித்ததை மறந்து பழைய தொழிலுக்குப் போனார்கள். தோற்ற நாட்டின் மொழியை எவர் மேலும் படிப்பர்? கீன் கொலம்பியாவுக்குத் திரும்பிச் சுனோடாவின் முன் மீண்டும் மாணவராக அமர்ந்தார். பின் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே 1952இல் யப்பானிய இலக்கியம் பற்றிப் பகிரங்க விரிவுரைகள் நிகழ்த்தியபோது, பெரியதொரு மண்டபத்திலே வந்திருந்தவர்கள் பத்துப் பேரளவில். அவர்களிலும் பாதி நண்பர்கள்! மனம் உடைந்துபோனார். ஆனால் அவ்விரிவுரைகள் 1953இல் நூலாக வந்து, பல தலைமுறை மாணவர்களுக்கு வாசலாயின. அதே போல்டர் பாடசாலையிற் படித்து ஐவோ ஜிமாவிற் போர்முனை கண்ட சைடன்ஸ்ரிக்கர், கவபாட்டாவின் நாவலை ஆங்கிலத்தில் தந்தார். கவபாட்டா 1968இல் நோபல் பரிசு பெற்றபோது, பரிசின் பாதி மொழிபெயர்ப்பாளருக்குரியது என்று சொன்னார். லண்டனிற் போர்க்காலப் புலமைப்பரிசிலில் யப்பான் படித்த பள்ளி மாணவருள் ஒருவரான றொனல்ட் டோர், யப்பானியச் சமூகத்தையும் அதன் பழைய கல்வி முறையையும் பற்றி எழுதிய நூல்கள் அத்துறையில் இன்றும் மதிக்கப்படுகின்றன. எதிரியை ஒட்டுக்கேட்கப் படித்தவர்கள் எதிரியின் கவிதைக்கு உரைகாரர் ஆனார்கள். சுனோடா 1964இற் காலமானார்.

இரண்டு நாள் கழித்துத் தகப்பனாரும் மகனும் மறுபடி வந்தனர். இவ்வளவையும் சொன்னேன். தகப்பனார் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரி சேர். யப்பானும் தமிழும் ஒரே பாசை எண்டு மேடையிலை சொன்னவை. அப்ப இவனுக்குச் சுகம்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அது சிரித்துத் தள்ளும் விடயமன்று. ரோக்கியோவிலுள்ள கக்குஷுயின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுசுமு ஓனோ யப்பானியப் பழம் இலக்கியத்திற் பேரறிஞர். 4500க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ‘மன்யோஷு’ என்னும் எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலிற் தோய்ந்தவர். யப்பான் மொழியின் மூலத்தைத் தமிழிற் காணலாம் என்ற கருத்தை 1980 முதல் வெளியிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் யப்பான் சென்று அவரோடு பல்லாண்டு பணியாற்றினர். எங்கள் தைப்பொங்கலையும் யப்பானியரின் ஜனவரி 15ஆம் நாட் சடங்கையும் அவர்கள் ஒப்பிட்டபோது இங்கே பலருக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் மொழியியலாளரிற் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை என்பதை நாம் மேடைகளிற் சொல்வதில்லை. ஒலி ஒப்புமைகள் போதிய இறுக்கமுடையவை அல்ல என்பதே அவர்களின் வாதம். எனக்கும் அந்த உறவு நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. நான் வியப்பது வேறொன்றை. 1919இற் பிறந்த ஓனோ, தம் நாட்டிலே புகழின் உச்சியில் இருந்த அறுபது வயதில், எங்கள் அரிச்சுவடியைக் கையில் எடுத்தார். 2008இற் காலமாகும்வரை அதைக் கீழே வைக்கவில்லை. அவரைக் கொண்டாடும் எங்களில் எத்தனை பேர் யப்பான் எழுத்து ஒன்றையேனும் எழுதிப் பார்த்தோம்?

இதைச் சொன்னபோதுதான் பையன் முதன்முறையாக வாய் திறந்தான். “சேர், நான் நாப்பத்தாறும் எழுதுவன்” என்றான். கானா எழுத்து நாற்பத்தாறு. எங்கிருந்தோ பார்த்துத் தானாகவே பழகியிருக்கிறான். தகப்பனார் அவனை வடிவாகத் திரும்பிப் பார்த்தார். “எப்பயடா படிச்சனி?” என்றார். அவன் பதில் சொல்லவில்லை. அவர் என்னிடம் விடைபெற்றுக்கொண்டு, வழியில் மகனிடம் ஏதோ கேட்டபடி போனார். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கீனைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 2011 மார்ச்சில் யப்பானின் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை அழித்தபோது, அணு உலை வெடிப்புக்கு அஞ்சி வெளிநாட்டவர் பலர் அந்நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எண்பத்தெட்டு வயதான கீன் கொலம்பியாவிற் தம் கடைசி வகுப்பை முடித்துவிட்டு அங்கே குடிபோனார். 2012இல் யப்பானியப் பிரசையானார். 2019 பெப்ரவரியில், தொண்ணூற்றாறு வயதில், ரோக்கியோவிற் காலமானார்.

பையன் களனிக்குப் போய்விட்டான். சென்ற கிழமை தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். வகுப்பில் ஆசிரியை ஒவ்வொருவரையும் தத்தம் தாய்மொழிக் கவிதை ஒன்றை எளிய யப்பான் மொழியிற் சொல்லச் சொன்னாராம். சிங்களப் பிள்ளைகள் ஆளுக்கொன்று தெரிந்துவிட்டார்களாம். தமிழில் இவன் ஒருவன்தான். “சேர், எந்தப் பாட்டைச் சொல்ல? சின்னதாய் இருக்கோணும். எனக்கு மலை எண்ட சொல்லும் மழை எண்ட சொல்லும்தான் வடிவாய்த் தெரியும்” என்று எழுதியிருந்தான்.

இன்னும் பதில் அனுப்பவில்லை. குறுந்தொகையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். குறிஞ்சிப் பாட்டாகத்தான் பார்க்கவேண்டும்.